நிறங்களுக்கு ஒரு பக்கம்

தொடக்கநிலை மொழிப் பாடநூல் எதையாவது எடுத்துப் புரட்டுங்கள். ஜெர்மன், ஜப்பானியம், இந்தி, எதுவானாலும் சரி. மூன்றாவது நான்காவது பாடத்துக்குள் நிறங்களுக்கென்று ஒரு பக்கம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வண்ணக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல். அடுத்துப் பழங்கள், உடல் உறுப்புகள், உறவுமுறைகள், கிழமைகள். பிறகு எதிர்ச்சொற்கள்: பெரியது சிறியது, மேலே கீழே, இடது வலது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆசிரியருக்கு நடத்த வசதி, ஓவியருக்குப் படம் போட வசதி, பொருளடக்கம் எழுதுபவருக்கும் வசதி. படிப்பவருக்கு?

இந்தி படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலப்பக்கத்துக்கு ‘தாயேன்’, இடப்பக்கத்துக்கு ‘பாயேன்’. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆண்டுகள் கழித்தும் இரண்டு சொல்லும் மறப்பதில்லை. எது எந்தப் பக்கம் என்பதுதான் மறந்துபோகிறது. தில்லியில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிக் காட்டுபவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சிதான். ஆங்கிலத்தில் டியூஸ்டேயும் தர்ஸ்டேயும் இதேபோல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். மண்டேயில் யாருக்கும் அந்தச் சிக்கல் வருவதில்லை.

இதைப் படிப்பவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. புத்தகம் எழுதுபவருக்கு வசதியான வரிசை வேறு, நினைவுக்கு வசதியான வரிசை வேறு. சில இடங்களில் இரண்டும் நேர் எதிராகவே நிற்கின்றன. கடந்த நூறாண்டு ஆய்வுகள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியிருக்கின்றன. பாடநூல்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டது குறைவு.

சொற்களை இனம் பிரித்துத் தொகுக்கும் பழக்கம் மிகப் பழையது. நம்முடைய நிகண்டுகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தேவப் பெயரில் தொடங்கி மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போகும். ஆனால் அது தமிழ் பேசத் தெரிந்த மாணவனுக்கு இலக்கியச் சொற்களைக் கொடுத்த நூல். செய்யுளாக இருந்ததால் ஓசை கைகொடுத்தது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லும் பதினோராம் தொகுதியைப் பாருங்கள். அங்கே பொருள்வகை வரிசையைக் கைவிட்டு, எதுகையை வைத்துச் சொற்களை அடுக்கியிருக்கிறார். அடுத்த சொல் எது என்பதை எதுகை எழுத்தே எடுத்துக் கொடுத்துவிடும். அதைத் திண்ணைப் பள்ளியில் நாள்தோறும் ஒப்பிக்கவும் வைத்தார்கள். நூலின் வரிசையில் குறை இருந்தாலும் அந்த ஒப்பித்தல் அதை ஈடுகட்டியது.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போனது. 1611இல் வில்லியம் பேத் என்ற ஐரிஷ் ஏசுசபைப் பாதிரியார் ஸ்பெயினின் சலமான்கா நகரில் ஒரு லத்தீன் நூலை வெளியிட்டார். ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களுக்குள் அடிப்படைச் சொற்களையெல்லாம் அடக்கிவிடுவது அவர் திட்டம். அந்த நூலின் பெருமையே, இணைப்புச் சொற்கள் போன்றவற்றை விட்டால், ஒரு சொல் இரண்டாவது முறை வராது என்பதுதான். சிக்கனம் என்று பார்த்தால் சாதனைதான். மொராவியக் கல்வியாளர் கொமேனியஸ் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு 1631இல் தம்முடைய நூலைக் கொண்டுவந்தார்: 1,000 வாக்கியங்கள், சுமார் 8,000 லத்தீன் சொற்கள். ஐரோப்பா முழுவதும் பெயர்த்துப் படித்தார்கள். ஒருமுறை மட்டும் பார்த்த சொல்லை மாணவன் எப்படி நினைவில் வைத்துக்கொள்வான் என்ற கேள்வியைவிட, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற கவலைதான் அந்தத் தலைமுறைக்குப் பெரிதாக இருந்தது.

அதே கொமேனியஸ் 1658இல் நூரம்பெர்கில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ இன்றைய படப் பாடநூல்களுக்கெல்லாம் மூதாதை. சுமார் 150 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். படத்தில் உள்ள பொருள்கள்மேல் சிறு எண்கள். கீழே லத்தீன் ஒரு பத்தி, ஜெர்மன் ஒரு பத்தி. அந்தந்தச் சொல்லின் அருகிலும் அதே எண். வேறு விளக்கமே வேண்டாம். கடவுளில் தொடங்கி வானம், நெருப்பு, பறவை, தொழில்கள் என்று நடந்து இறுதித் தீர்ப்பில் போய் முடியும். எண்ணிட்ட அந்தப் படம் அபாரமான கண்டுபிடிப்பு; இன்றைக்கும் அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் அந்த வரிசை உலகத்தை வகைப்படுத்தியவரின் வரிசை. சொற்களைப் புதிதாகப் பழகும் குழந்தையின் வரிசை அல்ல. எண்ணிட்ட படத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடநூல்கள் அந்த வரிசையையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டன.

அந்த வரிசையின் விலை என்ன? 1931இல் மகியோ, மெக்டொனால்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் ஒரு பெயரடைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிறகு சிலரைச் சும்மா இருக்க விட்டு, மற்றவர்களுக்கு இன்னொரு பட்டியல் கொடுத்தார்கள். கடைசியில் முதல் பட்டியலைச் சொல்லச் சொன்னார்கள். சும்மா இருந்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது, அதில் வியப்பில்லை. இடையில் எண்களைப் படித்தவர்கள் அடுத்து நின்றார்கள். பொருளற்ற அசைகள், தொடர்பில்லாத சொற்கள் என்று படிப்படியாக மதிப்பெண் இறங்கியது. எதிர்ச்சொற்களைப் படித்தவர்கள் அதற்கும் கீழே. எல்லோரையும்விட மோசமாகச் சொன்னவர்கள், இடையில் அதே பொருள் தரும் சொற்களைப் படித்தவர்கள். பொருள் நெருங்க நெருங்க ஒன்று மற்றொன்றை அழித்தது.

இதை மொழிப்பாடத்துக்குக் கொண்டுவர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1993இல் தாமஸ் டிங்காம் புனைந்த சொற்களை வைத்து இதைச் சோதித்தார். ஒரு தொகுதியில் அந்தச் சொற்களுக்குக் கொடுத்த பொருள்கள் சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர் என்று ஒரே இனம். இன்னொரு தொகுதியில் மழை, கார், தவளை என்று ஒட்டும் உறவும் இல்லாதவை. எத்தனை சுற்றில் முழுவதும் சொல்ல வருகிறது என்று எண்ணினார். ஒரே இனத் தொகுதிக்கு அதிகச் சுற்றுகள் தேவைப்பட்டன. 1997இல் ராப் வாரிங் ஜப்பானிய மாணவர்களிடம் இதைத் திரும்பச் செய்தபோதும் அதே முடிவு. ஒரே கொக்கியில் நாலு சட்டையைத் தொங்கவிட்டால் வேண்டியதை உருவும்போது பக்கத்தில் இருப்பதும் கையோடு வருகிறதே, அந்த மாதிரிதான்.

டிங்காம் அதோடு நிற்கவில்லை. ஒரே இனமாக இல்லாமல் ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். தவளை, குளம், பச்சை, தாவுதல் என்கிற மாதிரித் தொகுதி. ஒன்று பெயர், ஒன்று நிறம், ஒன்று வினை. வாக்கியத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார முடியாது. ஆனால் ஒரே காட்சியாக மனத்தில் நிற்கும். இப்படிப்பட்ட தொகுதிகளைக் கற்பது எளிதாக இருந்தது. சட்டையும் ஸ்வெட்டரும் போட்டியாளர்கள். தவளையும் குளமும் கூட்டாளிகள்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. 2010இல் ஜப்பானிய வகுப்பறை ஒன்றில் நடந்த ஆய்வில் இனவாரிப் பட்டியலே மேலாக வந்தது. 2019இல் நகாதாவும் சுசுகியும் செய்த சோதனையில் மொத்த மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதன் பக்கத்துச் சொல்லைச் சொல்லும் பிழை, இனவாரியாகப் படித்தவற்றில் கூடுதலாக இருந்தது. என் கணிப்பில் இந்தக் கடைசி முடிவுதான் கவனிக்க வேண்டியது. சொல்லே நினைவுக்கு வராவிட்டால் மனிதன் கையை ஆட்டியாவது சமாளித்துவிடுவான். வலது என்று நினைத்து இடது என்று சொன்னவன் வண்டியைத் தவறான தெருவுக்கல்லவா அனுப்புகிறான்!

நியூசிலாந்தின் பால் நேஷன் இதற்குச் சொல்லும் வழி எளிமையானது: ஜோடியில் அதிகம் புழங்கும் சொல்லை முதலில் கொடு, அது உறுதிப்பட்ட பிறகு மற்றதைக் கொடு. சிவப்பு இரண்டாம் பாடத்தில் தக்காளியோடு வரட்டும். மஞ்சள் ஐந்தாம் பாடத்தில் ஆட்டோவோடு வரட்டும். பச்சை ஏழில் சிக்னலோடு. எல்லாம் பழகிய பின் ஒரு பக்கத்தில் கூட்டி வைத்தால் அது திருப்புதலாக நன்றாகவே உதவும். கெடுதல் செய்வது, எல்லாமே புதிதாக இருக்கும் நாளில் அவற்றைக் கூட்டி வைப்பதுதான்.

இனவாரிப் பக்கத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. கூட்டத்தை முழுமையாக்க வேண்டுமே என்பதற்காக அது தேவையற்றவர்களையும் அழைத்து வரும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு எந்த மொழியிலும் அடிக்கடி வரும். கத்தரிப்பூ நிறத்துக்கான சொல் எப்போதாவதுதான் வரும். ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதனால் அதுவும் முதல் மாதத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் அரிச்சுவடியும் இப்படித்தான். ஆய்த எழுத்துக்கு வேறு கதியில்லாமல் நாலு வயதுக் குழந்தை எஃகைப் பற்றி அறிந்துகொள்கிறது. ஆங்கில அரிச்சுவடியில் எக்ஸுக்கு சைலோஃபோன். அந்த வாத்தியத்தைப் பார்க்காமலே பாட்டனார் ஆனவர்கள் ஏராளம்.

எந்தச் சொல் முதலில் தேவை என்பதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. ஜெர்மனியில் கேடிங் என்பவர் பெரும்படையைத் திரட்டி, கணிப்பொறி இல்லாத காலத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் சொற்களைக் கையால் எண்ணி 1898இல் பட்டியலிட்டார். நோக்கம் மொழிக் கல்வி அல்ல, சுருக்கெழுத்து. அடிக்கடி வரும் சொல்லுக்குச் சிறிய கோடு போதுமே! 1921இல் அமெரிக்காவின் தார்ண்டைக் ஆசிரியர்களுக்காக 10,000 சொற்களின் பட்டியலைக் கொடுத்தார். இத்தகைய எண்ணிக்கைகள் எல்லாமே ஒரு வினோதத்தைக் காட்டின. ஒரு மொழியில் லட்சக்கணக்கில் சொற்கள் இருந்தாலும், சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஐந்தில் நான்கு பங்கை முதல் 2,000 சொற்குடும்பங்களே நிரப்பிவிடுகின்றன.

அதைப் பாடநூலாக மாற்றியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை நடுவிலேயே விட்டுவிடுவதைக் கண்ட அவர் ஒரு கேள்வி கேட்டார்: இன்றைக்கே நின்றுவிட்டால் இந்தப் பையன் கையில் என்ன மிஞ்சும்? அதற்கு அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து எடுத்த பெயர் சரண்டர் மதிப்பு. பாலிசியைப் பாதியில் நிறுத்தியவருக்குக் கிடைக்குமே, அதே தொகைதான். எட்டாண்டு படித்து முடித்தால்தான் பயன் என்று அமைந்த பாடத்திட்டத்தில் நாலாண்டில் நின்றவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதிகம் புழங்கும் சொல் முதலில் என்று அமைத்தால் எந்த ஆண்டில் நின்றாலும் கையில் ஏதோ இருக்கும். 1953இல் அவர் பெயரில் வெளிவந்த 2,000 சொற்பட்டியல் பல பத்தாண்டுகளுக்கு ஆங்கிலப் பாடநூல்களின் முதுகெலும்பாக இருந்தது.

எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் வம்பு உண்டு. 1950களில் பிரெஞ்சு அரசின் ஆதரவோடு கூகெனெம் குழுவினர் மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, மூன்று லட்சத்துச் சொச்சம் சொற்களை எண்ணினார்கள். நாள்தோறும் கையில் எடுக்கும் முள்கரண்டி போன்ற பொருள்களின் பெயர்கள் பட்டியலில் தலைகாட்டவே இல்லை. சாப்பிடும்போது யாரும் முள்கரண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. எடுத்துச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அது தொலைந்துபோன நாளில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. எனவே ஒரு துறையைச் சொன்னவுடன் பள்ளிப் பிள்ளைகள் மனத்தில் முந்தி வரும் சொற்களைக் கேட்டு வாங்கித் தனியாகச் சேர்த்தார்கள். கவனித்தீர்களா? வாசல் வழியாக வெளியேற்றிய இனவாரித் தொகுப்பு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அது வரத்தான் வேண்டும். சொற்களைத் தேர்ந்தெடுக்க இனம் பார்ப்பது ஒன்று, அதே வரிசையில் கற்பிப்பது வேறு.

தேர்ந்தெடுத்த சொல்லை எவ்வளவு நெருக்கமாகத் தூவலாம்? வெஸ்ட் தம் வாசகப் புத்தகங்களில் ஓடும் எழுத்தில் ஏறக்குறைய ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச்சொல் என்று வைத்துக்கொண்டார். எழுபதாண்டுகள் கழித்து, 2000இல், ஹூவும் நேஷனும் ஒரே கதையில் வெவ்வேறு விகிதங்களில் சொற்களை மறைத்துவைத்து, எந்த அளவில் படிப்பவருக்குக் கதை பிடிபடுகிறது என்று சோதித்தார்கள். அவர்கள் வந்தடைந்த அளவு, நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அதாவது ஐம்பதுக்கு ஒன்று. டாக்காவில் இருந்த ஆசிரியர் அனுபவத்தால் பிடித்த எண்ணை ஆய்வுக்கூடம் ஒப்புக்கொண்டது. நம் பள்ளி ஆங்கிலப் பாடம் ஏதாவது ஒன்றில் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். சில பத்திகளில் வரிக்கு இரண்டு கோடு விழும்.

இந்தக் கணக்கையெல்லாம் அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பிக்கும் நூலில் ‘வீடு’ என்று பட்டியலில் இருக்கும். பாடத்தில் ‘வீட்டிலிருந்து’ என்று வரும். மாணவர் அதைத் தெரிந்த சொல்லாக எண்ணுவாரா, தெரியாததாகவா? வினைச்சொல்லில் இன்னும் சங்கடம். ‘பார்’ என்று மட்டும் கொடுத்தால் பார்த்தான் என்று வருமா, பார்ந்தான் என்று வருமா என்பதை அவர் எப்படி அறிவார்? அதனால் நல்ல தமிழ்ப் பாடநூல் ஒவ்வொரு வினைக்கும் அதன் இறந்தகால வடிவத்தையும் கூடவே அச்சிடும். வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதி வந்துகிட்டிருக்கேன் என்று பேசும் நாட்டில், பட்டியலுக்கு மூன்றாவது பத்தியும் தேவைப்படலாம்.

பத்தி என்றதும் அச்சமைப்புக்கு வருவோம். இடது பக்கம் புதுமொழி, வலது பக்கம் தாய்மொழி. பார்த்துப் பார்த்துப் படிக்க இதமாக இருக்கும். அந்த இதம்தான் ஏமாற்றுகிறது. 2008இல் கார்ப்பிக்கியும் ரோடிகரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கொடுத்தார்கள். ‘மஷுவா’ என்றால் படகு, இப்படி. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகு சிலருக்கு அதைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் கொடுத்தார்கள். வேறு சிலரிடம் பொருளைக் காட்டாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. படிக்க மட்டும் செய்தவர்களுக்கு 36. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் பாதிதான் இருக்கும் என்று ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். தாம் எதைக் கற்றோம் என்பதைக் கற்றவரே அறியவில்லை.

ஆகவே இரண்டு பத்திகளில் ஒன்றைக் கையால் மூடிக்கொண்டு ஒப்பிக்கும் பழைய பழக்கம் அறிவியலின் பக்கம் நிற்கிறது. அப்போதும் மேலிருந்து கீழாகவே போனால் முந்தைய சொல்லே அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிடும். அட்டைகளில் எழுதிக் கலைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

இத்தனையும் செய்த பிறகும் அச்சுப் புத்தகத்துக்கு ஒரு தீராத குறை இருக்கிறது. அதனிடம் கடிகாரம் இல்லை. மறப்பதற்குச் சற்று முன்பு ஒரு சொல்லைத் திரும்பக் கேட்பது பலன் தரும் என்பது எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து தொடர்ந்து வரும் செய்தி. பால் பிம்ஸ்லர் 1967இல் இதற்கு ஓர் அட்டவணை போட்டார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி என்று விரிந்து இரண்டு ஆண்டு வரை. ஒலிநாடாப் பாடத்தில் இந்த இடைவெளிகளில் முதல் சிலவற்றை அவரால் அப்படியே அமைக்க முடிந்தது; நாடா ஓடும் வேகம் அவர் கையில் இருந்தது. புத்தகத்தின் பக்கத்தை யார் எப்போது புரட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நீண்ட இடைவெளியின் ஆற்றலை அளந்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் பாரிக் குடும்பத்தினர். அப்பா, அம்மா, இரண்டு மகள்கள். நால்வரும் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1993இல் முடிவு வந்தது. 14 நாளுக்கு ஒருமுறை 26 தடவை படித்ததும், 56 நாளுக்கு ஒருமுறை 13 தடவை மட்டும் படித்ததும் ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. உழைப்பு பாதி. படிக்கும் காலத்தில் மட்டும் 56 நாள் இடைவெளிச் சொற்கள் சற்று அதிகமாக மறந்தன. அதாவது வகுப்பில் தேர்வு வைத்தால் தோற்றுப்போகும் முறைதான் பிற்பாடு வெல்கிறது. பருவத் தேர்வுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர் இதைக் கேட்டு மகிழமாட்டார்.

கடிகாரம் இல்லாத புத்தகத்துக்கு இருக்கும் ஒரே அளவுகோல் பாட எண். இரண்டாம் பாடத்துச் சொல் மூன்றிலும் ஆறிலும் பதினொன்றிலும் கதைக்குள் இயல்பாகத் திரும்ப வந்தால், அது இடைவெளியிட்ட திருப்புதல்தான். தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறை வந்தபோது ஆண்டுப் புத்தகம் மூன்றாகப் பிரிந்து பையின் சுமை குறைந்தது. நல்லதுதான். ஆனால் முதல் பருவப் புத்தகம் செப்டம்பரோடு ஓய்வு பெற்றுவிடும். அதன் சொற்களைத் திரும்பக் காட்டும் பொறுப்பு அடுத்த புத்தகத்தை எழுதுபவரிடம் போய்விடுகிறது. அவர் அதைச் செய்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு, ஒரு சொல் முதன்முதலில் வந்த பாடத்தை மட்டுமே வழக்கமாகக் குறிக்கிறது. அந்தச் சொல் வந்த எல்லாப் பாடங்களின் எண்ணையும் அங்கே அச்சிடட்டும். ஒரே எண்ணோடு நின்றுபோன சொற்கள் எத்தனை என்று பார்த்தால், மறுபதிப்பில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது பதிப்பாசிரியருக்கு அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.